ஒன்றேகால் நிமிடம்

பதிவுத் தபால்
தாயில்பட்டி
12.11.2025

திரு. மு. பிரபாகரன் அவர்களுக்கு,

தாயில்பட்டி பெத்தணன் எழுதுவது. உங்கள் அக்கா சண்முகத்தாயின் புருஷன் என்று சொன்னால் ஞாபகம் வரலாம்.

திங்கட்கிழமை உங்களுக்கு ஏழு தடவை போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. இனி போடமாட்டேன். எதையும் எழுத்தில் வைக்கச் சொல்லி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி வக்கீல் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரனுக்கு அனுப்பும் கடிதத்துக்காக அவர் சொன்னது. நான் மச்சினனுக்கு அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். ஆடி மாதம் பட்டாசுக் கம்பெனியில் ஏழாம் நம்பர் ரூம் வெடித்து அஞ்சு பேர் செத்தார்கள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சீசனில் அதை யார் பார்க்கிறார்கள். ஆனால் ரிஜிஸ்தரில் மட்டும் எந்நாளும் நாலு பேர்தான் இருப்பார்கள். அஞ்சாவது ஆள் சண்முகத்தாய். அவள் தங்கள் ஆளே இல்லை, வெளியாள், யாரையோ பார்க்க உள்ளே வந்து வெடிமருந்துச் சட்டியைத் தட்டிவிட்டாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. எட்டு வருஷம் வேலை பார்த்தவள் வெளியாளாம். அதோடு விட்டார்களா, மற்ற நாலு பேரைக் கொன்றவளும் அவள்தானாம்.

ஊர் அதை நம்புகிறது. எதிர்வீட்டு ராமுத்தாயின் புருஷன் சீனிவாசகம் அந்த நாலு பேரில் ஒருவர். போன வாரம் குழாயடியில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டாள், "வெளியாளுக்கு அங்கன என்ன சோலி? உங்க பொண்டாட்டி கால் வச்ச நேரம்தானே எம்புருசன் கரிக்கட்டையாப் போனாரு." நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது எல்லோரும் பிடித்துப்போன பிறகுதான் தண்ணீருக்குப் போகிறேன். மாரிசெல்வி பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

கூட வேலை பார்த்தவர்கள் சாட்சிக்கு வரமாட்டார்கள். வாயைத் திறந்தால் அடுத்த சீசனுக்கு வேலை கிடையாது. போட்டோவும் இல்லை, செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, அவள் அந்தக் கம்பெனிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. போன வருஷம் தீபாவளிக்கு உங்கள் சேனலில் வந்த பட்டாசு நிகழ்ச்சி. கேமராவோடு வந்து எடுத்ததே நீங்கள்தான். அதில் அவள் ஒன்றேகால் நிமிடம் வருகிறாள். பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறாள், உள்ளே வந்து உட்காருகிறாள், "எட்டு வருசமா இந்தக் கம்பெனிலதான் இருக்கேன்" என்கிறாள். முதலாளி பின்னால் நின்று தலையை ஆட்டுகிறார்.

அது ஓடும்போது எங்கள் வீட்டு டி.வி. முன்னால் நின்று நான் என் போனில் பிடித்தேன். செல்போன் கடை சிவபாண்டி அதைத் தன் யூடியூப் சேனலில் போட்டான். "போன்ல இடம் இல்லைன்னா அழிச்சிருங்க மச்சான், நெட்டுல போட்டது எந்தக் காலத்துக்கும் அழியாது" என்று சொன்னது நீங்கள். அழித்தேன்.

திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை. என் முறை வந்ததும் போனை எடுத்து அதிகாரி கையில் கொடுத்தேன். கறுப்பாக ஒரு பெட்டி, நடுவில் ஒரு வரி. பதிப்புரிமை உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இந்த வீடியோ நீக்கப்பட்டது. அதிகாரி அதை வாய்விட்டு வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. கம்பெனி வக்கீல் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டும். நிகழ்ச்சி உங்கள் சேனலுடையது, ஒப்புக்கொள்கிறேன். டி.வி. பெட்டி என்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் நின்ற சண்முகத்தாய், "ஐயய்ய, கருவாச்சி மாதிரில்ல இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பும் அதில் பதிந்திருந்தது. அந்தச் சிரிப்பு எப்போதிருந்து உங்கள் சேனல் சொத்து?

இப்படிக்கு
க. பெத்தணன்


சென்னை
17.11.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

திரு போட்டு எழுதாதீர்கள். ஆபீஸ் முகவரிக்குப் பதிவுத் தபால் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார்கள். சொந்தக்காரர் என்றேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை மச்சான். இந்த வேலையை ஆள் செய்வதில்லை, மெஷின் செய்கிறது. எங்கள் நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றி வைத்திருப்போம். யார் எங்கே துண்டு போட்டாலும் அது கண்டுபிடித்துத் தூக்கிவிடும். சீரியலைத் திருடிப் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்காக விரித்த வலை. அதில் நம் வீட்டு மீன் மாட்டியது என் துரதிர்ஷ்டம். நாள் ஒன்றுக்கு நானூறு, ஐந்நூறு என்று போகும். எதில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

மேலே எழுதிக் கேட்கிறேன். கொஞ்சம் நாளாகும். நிகழ்ச்சி எங்கள் சேனல் பக்கத்திலும் இப்போது இல்லை. ஏன் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

போன் எடுக்காதது தப்புதான். மீட்டிங்கில் இருந்தேன். அக்காவைப் பற்றி ராமுத்தாய் மதினி அப்படிப் பேசியதைப் படித்து அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மாரிசெல்வி எப்படிப் படிக்கிறாள்? மாமா கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
பிரபா


தாயில்பட்டி
24.11.2025

பிரபாகரனுக்கு,

இனி நீங்கள் இல்லை, நீதான்.

சிவபாண்டிக்கு வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்று புகார் வந்ததால் அவன் சேனலே போய்விட்டது. பொங்கல், கோயில் கொடை, செத்தவர்கள், பிறந்தவர்கள் என்று ஆறு வருஷமாக ஊரை எடுத்து அதில் போட்டிருந்தான். அது தனிக் கதை.

மெயில் இங்கிலீஷில் இருந்தது. நானும் சிவபாண்டியும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தோம். மாரிசெல்விதான் வாங்கி வாசித்தாள். சேனல் பெயர், வீடியோ பெயர், தேதி நவம்பர் ஏழு. அதற்குக் கீழே புகார் கொடுத்தவர் பெயர். அங்கே வந்து நிறுத்திவிட்டாள். "மாமா பேரு போட்டிருக்குப்பா" என்றாள். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் மெஷினுக்கு மு. பிரபாகரன் என்று யார் பெயர் வைத்தது?

அவள் உடம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்தவன் நீ. முகம் இருந்த இடம் தெரியாமல் தடவித் தடவிச் சேலையைப் போர்த்தியது உன் கை. அதே கை. எனக்கு இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

மாரிசெல்வி நன்றாகப் படிக்கிறாள். நீ கேட்டதாகச் சொல்லவில்லை.

பெத்தணன்


சென்னை
2.12.2025

மச்சான்,

நான்தான் செய்தேன்.

போன கடிதத்தில் எழுதியது பொய். அந்த மெஷின் உண்டு. ஆனால் டி.வி.யைப் பார்த்து போனில் பிடித்ததெல்லாம் அதற்குச் சரியாகப் பிடிபடாது. அதை ஆள்தான் செய்ய வேண்டும். கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் எங்கள் சேனலுக்குத் தீபாவளி விளம்பரம் கொடுப்பவர்கள். விபத்துக்குப் பிறகு அந்த நிகழ்ச்சி எங்குமே இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் சேனல் பக்கத்தில் இருந்து எடுத்தார்கள். பிறகு மற்ற இடங்களில் இருப்பதைத் தேடி பதினொரு லிங்க் கொண்ட பட்டியல் என் மேஜைக்கு வந்தது. ஒன்பதாவது உங்களுடையது.

திறந்து பார்த்தேன். காதில் ஹெட்போன் இருந்தது. அக்கா கருவாச்சி என்று சொன்னது கேட்டது. மேலே நம் வீட்டு ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. முழுதும் ஒரு தடவை பார்த்துவிட்டு, நீக்கச் சொல்லும் பட்டனை அமுக்கிவிட்டேன்.

நான் அமுக்காவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன் அமுக்கியிருப்பான், வேலை போய்விடும் என்றெல்லாம் இரண்டு வாரமாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது காரணம் இல்லை மச்சான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அக்கா எட்டு வருஷமும் ஏழாம் நம்பர் ரூமில் இருந்தவள் இல்லை. காகிதக் குழாய் சுற்றுகிற செட்டில், தனிக் கொட்டகையில் இருந்தாள். அங்கே மருந்து கிடையாது. நாங்கள் எடுக்கப் போன அன்று அந்த ரூமில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கேமராவில் பார்த்தால் வெறிச்சென்று இருந்தது. நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, உள்ள வந்து அவுகளோட உக்காரு, இங்கனதான் வெளிச்சம் நல்லாருக்கு." அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பார்த்த மாத்திரத்தில் கை வேலையைப் பிடித்துக்கொண்டது. போர்மேன் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் துக்க வீட்டில்தான் தெரியும்.

நிகழ்ச்சியில் என் குரல் கேட்கும், கவனித்திருப்பீர்கள். அதை வெட்டியிருக்கலாம். வெட்ட வேண்டாம் என்று எடிட்டரிடம் சொன்னவனும் நானே. டி.வி.யில் என் குரல் ஊருக்குக் கேட்கட்டும் என்று ஆசை. நவம்பர் ஏழாம் தேதி அந்தக் குரலைத் திரும்பக் கேட்டபோது யாரோ என் சட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அதை இனி யாரும் கேட்கக் கூடாது என்று அமுக்கினேன். உங்கள் விசாரணைத் தேதி அப்போது நினைவில் இல்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நீங்கள் ஏழு தடவை கூப்பிட்டபோது போனை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிரபா


தாயில்பட்டி
8.12.2025

மாப்பிள்ளை பிரபாகரனுக்கு,

எனக்குத் தெரியும்.

நீ படம் எடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு எங்க தம்பி என்னை ராணி மாதிரி உள்ள கூப்பிட்டு உக்கார வச்சான், நீரும் இருக்கீரே" என்றாள். அடுத்த வாரம் போர்மேன், "கை நல்லா ஓடுது, நீ இங்கனயே இரு" என்று சொன்னதையும் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். குழாய் செட்டிலேயே கிட என்றேன். கேட்டாளா? "தம்பி காட்டின ரூம், ஒண்ணும் ஆகாது." அவள் சொன்ன வார்த்தை அப்படியே இது.

பதினாறாம் நாள் நீ சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாய். அன்றைக்கே உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? நீ தெரிந்து செய்யவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது, கூப்பிட்டாய். அது தலையெழுத்து என்று விட்டேன். ஆனால் நவம்பர் ஏழாம் தேதி நீ செய்தது தலையெழுத்து இல்லை.

இருக்கட்டும். வருகிற திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கள், இருபத்திரண்டாம் தேதி, பதினோரு மணிக்குக் கடைசி விசாரணை. அதோடு எழுதி மூடிவிடுவார்கள். அவள் வெளியாள் என்று எழுதினால் எழுதியதுதான். நாலு பேரைக் கொன்றவளின் மகள் என்று மாரிசெல்வி இந்த ஊரில் காலம் தள்ள வேண்டும்.

எனக்கு அந்த கிளிப் வேண்டாம். நீ வா. நீ அந்த ரூமில் நின்றவன். கண்ணால் பார்த்தவன். சேனல்காரன் வீடியோவைத்தான் எடுக்கலாம், உன் வாயை எடுக்க முடியாது. "அது எங்க அக்கா, குழாய் செட்டில் இருந்தவளை நான்தான் உள்ளே உட்கார வைத்தேன், அதற்கப்புறம் கம்பெனி அவளை அங்கேயே வைத்துக்கொண்டது" என்று சொல். ரெண்டு வரி. ஊரில் உன்னை யார் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

விடிகாலை ரயிலில் விருதுநகர் வந்து இறங்கினால் சிவபாண்டியை பைக் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மாரிசெல்விக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான்.

பெத்தணன்


கூரியர்
சென்னை
17.12.2025

மச்சான்,

இதோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. ஆபீஸ் லைப்ரரியில் இருந்த ஒரிஜினலில் இருந்து எடுத்தது, படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அக்கா பேசுவது தெளிவாகக் கேட்கிறது. முதலாளியும் தெரிகிறார், போர்மேனும் தெரிகிறார். உங்கள் விசாரணைக்கு இது போதும். இது வெளியே வந்தது தெரிந்தால் நான் தொலைந்தேன். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் வர முடியாது. ஜனவரியில் என்னை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் விளம்பரக்காரருக்கு எதிராகப் போய் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

என் குரல் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். டி.வி.க்காரன்தான் உட்கார வைத்தான் என்று கம்பெனி வக்கீல் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காக. உங்கள் நன்மைக்குத்தான் மச்சான்.

மாரிசெல்விக்கு ஒரு வாட்ச் வைத்திருக்கிறேன்.

பிரபா


பதிவுத் தபால்
தாயில்பட்டி
24.12.2025

திரு. மு. பிரபாகரன் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. வாட்ச்சை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி விசாரணை நடந்தது. சாட்சி இருக்கிறாரா என்று கேட்டார்கள். கடைசி நேரத்திலாவது நீங்கள் மனசு மாறி வந்துவிடுவீர்கள் என்று நினைத்து சிவபாண்டியை அன்று விடிகாலையில் விருதுநகர் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்பது மணிவரை நின்று பார்த்துவிட்டு வந்தான். சாட்சி இல்லை என்று சொல்லி பென் டிரைவைக் கொடுத்தேன். எப்படிக் கிடைத்தது என்று கம்பெனி வக்கீல் குதித்தார். தபாலில் வந்தது, அனுப்பினவர் பேர் தெரியாது என்றேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். போர்மேன் அங்கேயே நின்றிருந்தார். திரையில் தன் முகத்தையும் அவள் முகத்தையும் சேர்த்துப் பார்த்ததும் அவரால் மறுக்க முடியவில்லை. எட்டு வருஷமாக வேலை பார்த்த பொம்பளைதான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். இறந்த ஐவரும் தொழிலாளர்கள், அளவுக்கு மீறி ஆள் உட்கார வைத்தது நிர்வாகம். அந்த வரியை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

நேற்று காலையில் ராமுத்தாய் வந்து வாசலில் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "தண்ணி வந்திருச்சு, குடத்தை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது போதும்.

இனி உங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சிவகாசி பிரஸ்ஸில் இருபது வருஷமாகக் கட்டிங் மெஷினில் நிற்கிறவன். பட்டாசு லேபிளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வெட்டுகிறேன். வெட்டின இடம் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த ஒன்றேகால் நிமிடம் எனக்கு மனப்பாடம். நீங்கள் அனுப்பியதில் அக்கா என்ற கூப்பாடு இல்லை. வெளிச்சம் நல்லாருக்கு என்பது இல்லை. ஆனால் அதைக் கேட்டு அவள் திரும்புவதை உங்களால் வெட்ட முடியவில்லை. வெட்டியிருந்தால் அடுத்து அவள் பேசுவது ஒட்டாது. அதனால் விட்டுவிட்டீர்கள். அவள் திரும்புகிறாள், ஒரு கணம் நின்று முகமெல்லாம் சிரிக்கிறாள், பிறகு வந்து உட்காருகிறாள்.

அதிகாரிக்கும் அது உறுத்தியிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தினார். "இந்தம்மா யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். நீங்கள் நின்ற பக்கம் அது.

"அங்கன யாரும் இல்லங்கய்யா" என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு
க. பெத்தணன்